படம் நின்றுபோவதற்கு முன்

போன வாரம் நெட்வொர்க் படிக்கும் உங்களோடு பேச என்னை அழைத்திருந்தார்கள். பேசி முடித்ததும் உங்களில் ஒரு பெண் எழுந்து, "மேடம், தூரத்துல இருக்குத கேட்வேயில போடவே கூடாத கமாண்ட் எது?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்துவிட்டு ஏதோ மழுப்பலாகச் சொல்லி உட்கார்ந்துவிட்டேன். வண்ணார்பேட்டையில் பஸ் மாறும்போதுதான், அது சிரித்து ஒதுக்கும் கேள்வி இல்லை என்று உறைத்தது. அதற்கான பதில் எனக்கு ஒரு மழைநாள் மத்தியானத்தில் கிடைத்தது. வாயால் சொல்லாததை எழுதிவிடுகிறேன்.

நான் வேலை பார்த்த மருத்துவமனை பாளையங்கோட்டையில் இருந்தது. மேலப்பாளையம், ராதாபுரம், புன்னக்காயல் பக்கம் என்று அதற்குச் சிறு கிளினிக்குகள் உண்டு. ஒவ்வொரு கிளினிக்கிலும் ஒரு கேட்வே. உள்ளே இருக்கும் கணினிகளுக்கும் வெளியுலகத்துக்கும் நடுவே அது ஒன்றுதான் வாசல். பழுது என்றால் நாங்கள் பஸ் ஏறிப் போவதில்லை. பாளையங்கோட்டையில் இருந்தபடியே கறுப்புத் திரை வழியாக அதற்குள் நுழைந்து, எழுத்தில் கட்டளை கொடுத்துச் சரிசெய்வோம். இதில் உள்ள சங்கடம் உங்களுக்குத் தெரியும். நாம் உள்ளே போன வழியைத்தான் நாம் மாற்றிக்கொண்டிருப்போம். ஒரு வரி பிசகினால், நுனிமரத்தில் இருந்துகொண்டு அடிமரத்தை வெட்டியவன் கதைதான்.

அந்த வருஷம் மழை விடாமல் பெய்தது. தாமிரபரணி கரை கொள்ளாமல் போனது. ஆத்தூருக்குக் கிழக்கே ரோட்டின் மேல் தண்ணீர் ஓடியது. புன்னக்காயல் பக்கத்துக் கடற்கரைக் கிளினிக்குக்குப் போகும் கண்ணாடியிழைக் கம்பி எங்கோ அறுந்துவிட்டது. கேட்வே தானாகவே மாற்று வழிக்கு, அதாவது அதற்குள் இருக்கும் மொபைல் சிம்முக்கு மாறிக்கொண்டது. அது ஒற்றையடிப் பாதை மாதிரி. மெயில் போகும், மருந்து இருப்பு பார்க்கலாம். அதற்கு மேல் தாங்காது.

எங்கள் அறையில் நானும் இப்ராஹிமும் மட்டும் இருந்தோம். மேலப்பாளையத்துக்காரன், என்னைவிட வெகு இளையவன். கட்டளைகள் அவன் விரல் நுனியில் இருக்கும். வேகமும் இருக்கும்.

சாப்பாட்டு டப்பாவைத் திறந்திருந்தோம். இதய மருத்துவர் தானே படியிறங்கி வந்து கதவைத் தள்ளினார். யாரையாவது அனுப்பியிருக்கலாம், போன் செய்திருக்கலாம். அவரே வந்ததிலிருந்து விஷயத்தின் கனம் தெரிந்தது.

"செல்வி, கடக்கரைக் கிளினிக்ல ஒரு பேஷன்ட். நெஞ்சு வலி. சந்தேகமே இல்ல, அட்டாக்தான். நான் வீடியோவுல பாத்துக்கிட்டு இருக்கேன். படம் நின்னு நின்னு வருது. ஈசிஜி கோடு பாதில அறுந்துபோவுது."

"ஆம்புலன்ஸ் டாக்டர்?"

"எங்க போவ? ரோடே இல்ல."

அங்கே இருந்தவர்கள் இரண்டே பேர். ஷபானா என்ற இளம் டாக்டர். வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. ஜெசிந்தா என்ற நர்ஸ். அந்தக் கரையிலேயே பிறந்து வளர்ந்தவள். படுத்திருந்தவர் சூசை என்ற மீனவர். கட்டிய வள்ளம் அலையில் அடித்துக்கொண்டு போகாமல் இழுத்து ஏற்றும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மனைவி ரோசம்மாளும் அண்டை வீட்டுக்காரர்களும் கட்டிலோடு தூக்கி வந்து சேர்த்திருக்கிறார்கள்.

ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து கிளினிக்கில் இருந்தது. அதைச் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும். ஏறும்போது ரத்த அழுத்தம் விழலாம், துடிப்பு தாறுமாறாகலாம். பக்கத்தில் அனுபவமுள்ள கண் வேண்டும். ஷபானா தனியாக அந்த மருந்தைக் கொடுத்ததில்லை. டாக்டரின் கண்தான் படம் வழியாக அங்கே போக வேண்டியிருந்தது.

நான் கறுப்புத் திரையைத் திறந்து கேட்வேக்குள் போனேன். நான் அடித்த எழுத்து திரையில் தெரிய மூச்சு விட்டு மூச்சு வாங்கும் நேரம் ஆனது. அப்படி இருக்கும்போது கை தானாக வேகம் பிடிக்கும். எழுத்து வராததால் இன்னும் நாலு எழுத்தை அடிக்கத் தோன்றும். நான் ஒவ்வொன்றாக அடித்து, வரும் வரை காத்திருந்தேன்.

கேட்வேக்கு ஒன்றும் இல்லை. நிதானமாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. பாதையை அடைத்துக்கொண்டு நின்றது வேறொன்று. கிளினிக்கின் கேமராப் பெட்டி, தான் பிடித்த படங்களை எல்லாம் அதைச் செய்த கம்பெனியின் சேமிப்பிடத்துக்கு நேராக அனுப்பிக்கொண்டிருந்தது. கம்பி அறுந்தபோது தேங்கிய படங்கள் மொத்தமும் இப்போது அந்த ஒற்றையடிப் பாதையில் முண்டிக்கொண்டிருந்தன. வாசலில் யார் செருப்பைக் கழற்றினார்கள் என்ற படம் முன்னால் போக, சூசையின் இதயத் துடிப்பு வரிசையில் பின்னால் நின்றது.

அதற்குள் மேலாளரிடமிருந்து இப்ராஹிமின் போனுக்கு அழைப்பு. அவர் சென்னையில் ஒரு கூட்டத்தில் இருந்தார். அவன் போனை என்னிடம் நீட்டினான்.

"அந்த கேட்வே போன மாசமும் இப்படித்தான் படுத்துச்சு. ரீபூட் பண்ணுங்க, சரியாயிடும்" என்றார்.

அவர் சொன்னதில் தவறில்லை. போன மாதம் அது உண்மையிலேயே சரியானது. ஆனால் போன மாதம் வானம் வெளுத்திருந்தது. இப்போது அணைத்து ஏற்றினால், சிம் மறுபடி செல்போன் கோபுரத்தைத் தேடிப் போக வேண்டும். ஊரே செத்தோமா பிழைத்தோமா என்று சொந்தக்காரர்களுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்த நேரம் அது. இருக்கிற இடத்தை விட்டு எழுந்தால் மறுபடி இடம் கிடைக்குமா என்பது நிச்சயமில்லை.

"சார், பெட்டி நல்லா இருக்கு. கேமராதான் லைனைத் திங்கி. அதை மட்டும் நிறுத்துதேன்" என்றேன்.

"உங்களால முடியும்னா செய்யுங்க. ஆனா லைன் போச்சுன்னா பதில் நீங்கதான் சொல்லணும்."

"சொல்லுதேன் சார்."

மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு இப்ராஹிமோடு டாக்டரின் அறைக்குப் போனேன். இதை நீங்கள் கட்டாயம் செய்யுங்கள். முடிந்தால் போய், யாருக்காக வேலை செய்கிறீர்களோ அவர் பக்கத்தில் உட்காருங்கள். நம் அறையில் எல்லாமே எண்களாகத்தான் தெரியும். டாக்டரின் திரையில் நான் சூசையைப் பார்த்தேன். முகம் கட்டம் கட்டமாக உடைந்து, மறுபடி சேர்ந்தது. வாய் எதையோ முணுமுணுத்தது. ஷபானாவின் முகம் குறுக்கே வந்தது.

"ஸார், கேக்குதா ஸார்? வலி கூடுது. மருந்தை ஆரம்பிச்சிரவா?"

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "செல்வி, இந்த லைன் இன்னும் ஒரு மணி நேரம் நிக்குமா? நிக்கும்னு நீ சொன்னா நான் தைரியமா ஆரம்பிக்கச் சொல்லுதேன்."

இப்படி ஒருவர் நம் முகத்தைப் பார்த்துக் கேட்கும்போது, நிற்கும் என்று சொல்லத்தான் நாக்கு எழும். அவருக்கு அப்போது வேண்டியிருந்தது அந்த வார்த்தைதான். எனக்கும் சொல்ல ஆசையாக இருந்தது.

"சொல்ல முடியாது டாக்டர்" என்றேன். "நிக்கலாம். இப்பவே போகவும் போகலாம். லைன் போனா அந்தப் புள்ள என்னென்ன செய்யணுமோ, அதெல்லாத்தையும் இருக்கும்போதே சொல்லிருங்க."

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். கோபப்படுகிறார் என்று நினைத்தேன். பிறகு நாற்காலியைத் திரைக்கு நெருக்கமாக இழுத்துக்கொண்டார்.

"ஷபானா, நல்லா கேளு. லைன் எப்ப வேணாலும் போகும். போகும்னு வச்சுக்கிட்டே பேசுதேன். பிரஷர் விழுந்தா என்ன செய்வே? நீ சொல்லு, நான் கேக்கேன்."

அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். அவர் திருத்தினார். மறுபடி சொல்லச் சொன்னார். துடிப்பு தாறுமாறானால் ஷாக் எப்போது வைக்க வேண்டும், எவ்வளவு, முதல் தடவை கேட்காவிட்டால் அடுத்து என்ன என்று ஒவ்வொன்றையும் அவள் வாயாலேயே வரவழைத்தார். படம் நின்ற இடத்தில் எல்லாம் பொறுத்திருந்து, விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். ஜெசிந்தா ஷாக் மிஷினைக் கட்டிலருகே உருட்டி வந்து பிளக்கைச் சொருகினாள். பிறகுதான் டாக்டர், "சரிம்மா, ஆரம்பி" என்றார்.

இதற்கிடையே நானும் இப்ராஹிமும் தாழ்ந்த குரலில் எங்கள் பிரச்சினையைப் பேசிக்கொண்டிருந்தோம். அவன் முதலில் சொன்னது நல்ல யோசனை.

"அக்கா, கமாண்டே வேண்டாம். அங்கன நிக்குத அந்த அம்மாட்ட சொல்லி கேமராப் பெட்டி வயரைப் புடுங்கச் சொல்லுவோம்."

ரோசம்மாள் கதவோரம் நின்றிருந்தார். கழுத்து ஜெபமாலையை விரல்கள் நகர்த்திக்கொண்டிருந்தன. சொன்னால் ஓடிவந்து செய்திருப்பார். ஆனால் அந்தப் பெட்டிகள் இருக்கும் அலமாரியை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். கேமராப் பெட்டி, கேட்வே, ஷபானா பேசும் கணினி, மூன்றின் வயரும் ஒரே பிளக் கட்டையில் பின்னிக் கிடக்கும். அவர் தப்பான வயரை இழுத்து, அதனால் ஏதாவது ஆகிவிட்டால்? புருஷன் உயிர் ஊசலாடும் நேரத்தில் அதை அவர் கையில் கொடுக்கலாமா? ஆயுசுக்கும் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருப்பாரே.

"வேண்டாம். அது நம்ம வேலை. நம்மளே செய்வோம்" என்றேன்.

"அப்ப ரீலோட் டைமர் போட்டுக்கிடுவோம். நாம வெளிய மாட்டிக்கிட்டாலும் பத்து நிமிஷத்துல பெட்டி தானா ரீபூட் ஆகி பழைய நெலைக்கு வந்துரும். நீங்கதானே அக்கா சொல்லிக் கொடுத்தீங்க."

ஆமாம், நான்தான் சொல்லிக்கொடுத்தேன். உங்களுக்கும் முதல் நாளே அதைத்தான் சொல்லித் தருகிறார்கள். மாற்றம் செய்வதற்கு முன் டைமர் வை, மாற்றம் சரியாக நடந்தால் அதை ரத்து செய், மாட்டிக்கொண்டால் அது உன்னைக் காப்பாற்றும். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது முறை அது உண்மை. ஆனால் அன்று என் இணைப்பு மட்டும் அறுந்து டாக்டரின் இணைப்பு பிழைத்திருந்தால்? என்னால் டைமரை ரத்து செய்ய முடியாது. மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போது, எங்கள் கண் முன்னாலேயே அந்தப் பெட்டி தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். நான் வெளியே நிற்பது ஒன்றும் பெரிய விஷயமில்லை. டாக்டர் வெளியே நின்றுவிடக் கூடாது. அந்தப் பெண் கேட்டாளே, போடக்கூடாத கட்டளை எது என்று. அன்றைக்கு, அந்த இடத்தில், நான் பாதுகாப்பு என்று எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்ததுதான் அது.

இப்ராஹிமிடம் இவ்வளவையும் சொல்ல நேரமில்லை. "டைமர் டாக்டர் லைனையும் சேத்து அறுத்துரும்" என்றேன். அவனுக்கு உடனே புரிந்துவிட்டது.

மூன்று வரிகள் போதும். கேமராப் பெட்டிக்குத் தடை. மற்ற எல்லாவற்றுக்கும் அனுமதி. இந்த இரண்டையும் நடைமுறைக்குக் கொண்டு வா. இரண்டாவது வரியை விட்டுவிட்டு மூன்றாவதைப் போட்டால், சொல்லாத எல்லாமே தடைபடும். நானும் போவேன், டாக்டரும் போவார். கேட்வேயின் நிரந்தர நினைவில் எதையும் சேமிக்கப் போவதில்லை என்றும் முடிவு செய்தேன். கடைசிக்குக் கடைசி, அங்கே ஒருவர் பெட்டியை அணைத்துப் போட்டாலே இந்த வரிகள் மறைந்துவிடும்.

"நான் அடிக்கேன். நீ ஒவ்வொண்ணா வாசி. நீ சரின்னு சொல்லாம என்டர் தட்ட மாட்டேன்."

முதல் வரியை அடித்தேன். எழுத்துகள் நொண்டி நொண்டி வந்தன. இப்ராஹிம் திரையில் விரல் வைத்து, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி எழுத்துக் கூட்டி வாசித்தான். கடைசியில் கேமராப் பெட்டியின் எண்ணுக்கு வந்ததும் விரல் நின்றது.

"அக்கா. கேமரா முப்பத்தொண்ணு. நீங்க பதிமூணு போட்டிருக்கீய. பதிமூணு டாக்டரம்மா பேசுத மெஷின்."

நான் அடித்தது முப்பத்தொன்றுதான் என்று சத்தியம் செய்திருப்பேன். கை மாற்றிப் போட்டிருக்கிறது. மூன்றாவது வரிக்குப் பிறகு அந்தப் படம் எங்கள் கையாலேயே போயிருக்கும். அழித்துவிட்டு மறுபடி அடித்தேன். அவன் மறுபடி வாசித்தான். "சரி" என்றான். இரண்டாவது வரியும் போனது.

மூன்றாவது வரியை அடித்துவிட்டு என்டரைத் தட்டாமல், டாக்டரின் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்துக் கேட்டேன். "ஜெசிந்தா, செல்வி பேசுதேன். ஒரு மாத்தம் செய்யப் போறேன். படம் கொஞ்சம் நிக்கலாம். இப்ப செய்யலாமா?"

"இருங்கக்கா, இருங்க. இப்பதான் மருந்து ஏற ஆரம்பிக்கு. பிரஷர் பாத்துக்கிடுதோம்."

காத்திருந்தேன். என் விரல் அந்தப் பொத்தானுக்கு மேலேயே இருந்தது. இப்ராஹிம் மெதுவாக என் மணிக்கட்டைத் தொட்டான். நான் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். வெளியே மழை ஜன்னல் தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா, பிரஷர் நெலையா நிக்கி. இப்ப செய்யுங்க" என்றாள் ஜெசிந்தா.

தட்டினேன்.

டாக்டரின் திரையில் படம் நின்றது. சூசையின் பாதி முகமும் ஷபானாவின் ஒரு கையும் அப்படியே உறைந்தன. என் கறுப்புத் திரையிலும் எழுத்து எதுவும் வரவில்லை. எனக்கு மறுபடி என்டர் தட்ட வேண்டும், இணைப்பை மூடித் திறக்க வேண்டும், எதையாவது செய்ய வேண்டும் என்று உடம்பெல்லாம் பரபரத்தது. தட்டியிருந்தால் அந்த நெரிசலில் இன்னும் கொஞ்சம் போய்ச் சேர்ந்திருக்கும், அவ்வளவுதான். இரண்டு கையையும் கோத்துக்கொண்டேன்.

முதலில் வந்தது என் திரையில் ஒற்றைக் குறி. அடுத்த கட்டளைக்கு நான் தயார் என்று கேட்வே சொல்லும் குறி. அதன் பிறகு டாக்டரின் திரையில் ஷபானாவின் கை அசைந்தது. பிறகு ஈசிஜி கோடு, அறுபடாமல், மேலும் கீழுமாக ஓடத் தொடங்கியது.

"ஆ, இப்ப நல்லா தெரியுது" என்றார் டாக்டர். எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை.

இத்தோடு முடிந்திருந்தால் இதை நான் ஒரு வெற்றிக் கதையாகச் சொல்லிக்கொண்டிருப்பேன். மருந்து பாதிக்கு மேல் ஏறியிருந்தபோது இணைப்பு முழுவதுமாகப் போனது. நாங்கள் செய்த எதனாலும் இல்லை. அந்தப் பக்கத்துக் கோபுரமே விழுந்துவிட்டது. கறுப்புத் திரை கறுப்பாகவே இருந்தது.

"என்ன செல்வி?"

"டவர் போயிருச்சு டாக்டர். இனி இங்கேருந்து ஒண்ணும் செய்ய முடியாது."

அவர் வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு வார்டுக்குப் போனார். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை கதவைத் திறந்து என் முகத்தைப் பார்ப்பார், நான் தலையை ஆட்டுவேன், போய்விடுவார். இப்ராஹிம் அந்த கேட்வேயை விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். நான் தடுக்கவில்லை. அவனுக்கு ஏதாவது செய்துகொண்டிருக்க வேண்டியிருந்தது.

இருட்டுவதற்கு முன் என் போனுக்குத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"அக்கா, ஜெசிந்தா பேசுதேன். இது பக்கத்து வீட்டு அண்ணன் போன், வேற கம்பெனி சிம். மொட்ட மாடில நிக்கேன்."

"சொல்லுட்டி, சொல்லு."

"படம் போயி கொஞ்ச நேரத்துல அண்ணாச்சிக்குத் துடிப்பு தாறுமாறாயிட்டுக்கா. கண்ணு மேல சொருகிட்டு. டாக்டரம்மா ஷாக் வச்சாவ. கேக்கல. ரெண்டாவது வச்சாவ. திரும்பிட்டு. இப்ப பேசுதாவ. கஞ்சி வேணும்னு கேக்காவ, குடுக்கலாமான்னு டாக்டர்ட்ட கேட்டுச் சொல்லுங்க."

நான் வார்டுக்கு ஓடினேன். டாக்டர் கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கஞ்சியா? ரெண்டு கரண்டி மட்டும் குடுக்கச் சொல்லு" என்றார். இப்ராஹிம் நடைகூடத்தில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான்.

மேலாளர் ஊருக்குத் திரும்பியதும் எல்லாவற்றையும் விசாரித்தார். "ரீபூட் பண்ணியிருந்தாலும் லைன் திரும்பி வந்திருக்கலாம் இல்ல?" என்று கேட்டார். வந்திருக்கலாம் என்றுதான் நானும் சொன்னேன். அது நேர்மையான பதில். நான் எடுத்த முடிவு சரி என்பதற்கு என்னிடம் அத்தாட்சி எதுவும் இல்லை. உங்களுக்கும் பெரும்பாலும் இருக்காது. கேமராக்கள் அனுப்பும் படங்களுக்கு அன்றிலிருந்து கட்டுப்பாடு வைத்தோம். அதை மழைக்கு முன்பே செய்திருக்க வேண்டும் என்று அவரும் சொன்னார், நாங்களும் ஒப்புக்கொண்டோம்.

தண்ணீர் கொஞ்சம் வடிந்ததும், சூசையை அவருடைய கூட்டாளிகளே ஒரு வள்ளத்தில் வைத்து, மூழ்கிய வயல்களின் மேலாகத் தள்ளிக்கொண்டு வந்து ரோட்டில் சேர்த்தார்கள். அங்கிருந்து ஆம்புலன்சில் பாளையங்கோட்டைக்கு வந்தார். வார்டில் சேர்த்த மறுநாள், என்னவோ தோன்றி, பார்க்கப் போனேன். தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். திரையில் உடைந்து உடைந்து தெரிந்த முகம், முழுசாகப் பார்த்தால் நல்ல பெரிய மீசை. பக்கத்தில் ரோசம்மாள் முக்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார்.

"யாரு தாயி, நர்சம்மாவா?" என்று கேட்டார்.

"இல்ல அண்ணாச்சி. நான் இங்க லைன் பாக்குதவ."

"லைனா?" நிமிர்ந்து உட்கார்ந்தார். "நல்லதாப் போச்சு. எங்கூர்ல கரண்டு போயி இத்தன நாளாச்சு. ஐஸ் இல்லாம மீனெல்லாம் அழுகிக் கெடக்கு. கொஞ்சம் பாத்து சீக்கிரம் விடச் சொல்லுங்க தாயி."

நான் விளக்கப் போகவில்லை. அவர் உரித்த சுளையில் இரண்டை நீட்டினார். வாங்கிச் சாப்பிட்டேன். கீழே இறங்கி வந்து, மின்சார அலுவலகத்தில் வேலை பார்க்கும் என் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவருக்குப் போன் போட்டு, கடற்கரைப் பக்கம் எப்போது கரண்டு வரும் என்று விசாரித்து, திரும்ப மாடியேறிப் போய் அவரிடம் சொன்னேன்.